ட்ரோல்ஸின் வலது பக்கம்

மைகன் பியர்கோர் எங்கள் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அனிமேஷன் பள்ளியின் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தேறாமல், மூன்றாவது முறை இடம் கிடைத்து வந்தவள். இடைப்பட்ட இரண்டு வருடமும் சொந்த ஊரான தியூபொரோனில், துறைமுகத்து மீன் ஆலையில் பொட்டலம் கட்டும் வரிசையில் நின்றிருக்கிறாள். இடைவேளையில் ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு, கூட வேலை செய்தவர்களை வரைந்திருக்கிறாள். பள்ளி இருந்த வீபோர்க்கில் படித்த காலம் முழுக்க அவளுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. அதனால் நடந்ததில் பெரும்பகுதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள்.

எங்கள் படிப்பில் வரைவதற்கு நாள் கிழமை கிடையாது. பேருந்து நிலையம், நீச்சல் குளம், நூலகம் என்று மனிதர்கள் வந்து போகும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஓர் ஆளுக்கு அரை நிமிடம் என்று பக்கங்களை நிரப்பிக்கொண்டே இருப்போம். எங்களில் பலர் மூக்கையும் தொப்பியையும் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, மைகன் ஆளின் பாதத்திலிருந்து ஆரம்பிப்பாள். எந்தக் காலில் கனம் நிற்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பிறகுதான் மேலே போவாள். முகத்துக்கு வரும்போது அரை நிமிடம் முடிந்திருக்கும். ஆனால் அந்த முகமில்லாத உருவத்தைப் பார்த்தே, இது தபால் கொண்டு வரும் அம்மாள், இது நூலகத்தில் செய்தித்தாள் படிக்கும் கிழவர் என்று சொல்லிவிடலாம். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பழகிய கண் அது.

அவள் அதிகம் பேசமாட்டாள். அவளுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான், பெயர் ட்ரோல்ஸ், துறைமுகத்தில் வலை பழுது பார்க்கிறான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வாரக் கடைசியில் ஊருக்குப் போய்வந்தால், திங்கட்கிழமை அவள் வரைபுத்தகத்தில் அவன் இருப்பான். குனிந்து வலை பின்னுகிற ட்ரோல்ஸ். பல்லில் ஊசியைக் கவ்விக்கொண்டிருக்கும் ட்ரோல்ஸ். சோபாவில் வாய் திறந்து தூங்கும் ட்ரோல்ஸ்.

மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில், எட்டுப் பேர் சேர்ந்து ஏழு நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் குழுவுக்கு எஸ்கில் இயக்குநர். வடக்கு நோர்வேயிலிருந்து வந்தவன், நல்ல உழைப்பாளி, மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன். கதை எளிமையானது: ஒரு வலைக்கூடத்தில் அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டிய வலையின் மேல் கடற்புறா ஒன்று முட்டையிட்டு உட்கார்ந்துவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் இளைஞன் என்ன செய்கிறான் என்பதுதான் படம்.

அந்த இளைஞனை ஆளுக்கொரு விதமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். மைகனுடையதைப் பார்த்ததும் மற்றவர்கள் தங்கள் தாள்களைப் பேசாமல் கழற்றினார்கள். நீண்ட முதுகு, பெரிய கைகள், கழுத்து கொஞ்சம் முன்னால் வந்து, எதையோ கேட்கப் போகிறவன் மாதிரி நிற்கிறான்.

"யார் இவன்?" என்றான் எஸ்கில்.

"என் தம்பி."

ஒரு பாத்திரம் முடிவானதும் அதை முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரு முழுச்சுற்று திருப்பி வரைந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அசைவு கொடுப்பார்கள். மைகன் அந்தத் தாளைக் கொண்டுவர இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். அவன் நடப்பதும் திரும்புவதும் என் பொறுப்பு. இடது பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை தலையைத் திருப்பினேன், ஆள் உயிரோடு திரும்பினான். அங்கிருந்து வலது பக்கம் திருப்பினால் அட்டை முகமூடியைத் திருப்புவது போல இருந்தது. உற்றுப் பார்த்தபோது தெரிந்தது. தலைமுடியின் வகிடு பக்கம் மாறியிருந்தது. இடது பக்கத்தை அப்படியே கண்ணாடியில் காட்டுவதுபோலத் திருப்பிப் போட்டு, வலது பக்கம் என்று கொடுத்திருந்தாள்.

வகிட்டைச் சொன்னேன். வகிட்டை மட்டும் திருத்திக் கொடுத்தாள். முகமூடி முகமூடியாகவே இருந்தது.

அவளுடைய பழைய வரைபுத்தகங்கள் எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவே அலமாரியில் இருந்தன. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அவளே சொல்லியிருந்தாள். ஒரு பிற்பகல் அவற்றை எடுத்து, ட்ரோல்ஸ் வரும் பக்கங்களில் எல்லாம் துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டே போனேன். பத்தொன்பது புத்தகங்கள். இடதிலிருந்து, பின்னாலிருந்து, மாடிப்படியின் மேலிருந்து, மறுபடி இடதிலிருந்து. ஒரு பக்கத்தில்கூட அவன் வலது கன்னம் இல்லை.

அவள் வந்ததும் காட்டினேன். துப்பறிந்துவிட்ட சந்தோஷத்தில் காட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் துண்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து மேஜையில் அடுக்கினாள்.

"எனக்கு அந்தப் பக்கம் தெரியாது," என்றாள்.

பிறகு சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது, ட்ரோல்ஸுக்கு ஐந்து. டிசம்பர் மாதம். சமையலறை அடுப்பின் மேல் உயரமான பாத்திரத்தில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே மெழுகுவத்தி செய்துகொண்டிருந்தார்கள், நூலை முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்கி. வாசலில் யாரோ வந்து அம்மா எழுந்து போனார். நாற்காலியின் மேல் நின்றிருந்த மைகன் இன்னும் ஒரு தடவை முக்கலாம் என்று எட்டினாள். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது பாத்திரம் தரையில் உருண்டு கிடந்ததும் தம்பி அதற்குப் பக்கத்தில் கிடந்ததும்தான். தன் கை பட்டதா என்று அவளுக்குத் தெரியாது. வேறு யார் கையும் அங்கே இல்லை என்பது தெரியும்.

வலது கன்னம், காது, கழுத்து. ஏழு வாரம் ஆஸ்பத்திரி, பிறகு பல வருடம் தோல் ஒட்டும் அறுவைகள். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பதினைந்து வருடமாக அந்த வீட்டில் அந்த நாளுக்குப் பெயரே கிடையாது.

வலைக்கூடத்தை வரைந்துவரவும், அங்குள்ள சத்தங்களைப் பதிவு செய்யவும் எப்படியும் யாராவது போக வேண்டியிருந்தது. இலையுதிர் விடுமுறையில் நாம் இரண்டு பேரும் போவோமா என்று மட்டும் கேட்டேன். சரி என்று தலையசைத்தாள்.

வழியில் இரண்டு தடவை ரயில் மாறினோம். கடைசி ரயிலில் பாதி தூரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் தண்ணீர். மைகன் வழி முழுக்கப் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள், ஒரு கோடு போடவில்லை.

வலைக்கூடம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம் போல நீளமாக இருந்தது. பச்சை வலை தரையிலிருந்து உத்தரம் வரை தொங்கியது. அதன் நடுவிலிருந்து ட்ரோல்ஸ் எழுந்து வந்தான். அவன் நடையை நான் ஒரு மாதமாக வரைந்துகொண்டிருந்ததால், முகம் தெரியும் முன்பே அவனைத் தெரிந்தது.

"இவதான் என்னை நடக்க வைக்கிறவளா?" என்று அக்காவிடம் கேட்டான்.

"ஆமா."

"எப்படி நடக்கிறேன்?" என்று என்னிடம் திரும்பினான்.

"வாத்து மாதிரி," என்றேன்.

"அப்போ சரியாத்தான் வந்திருக்கு."

வலது பக்கம் கன்னத்துத் தோல் பளபளப்பாக, சுருங்கிய பட்டுத்துணி போல இருந்தது. காதின் மேல்பாதி இல்லை. கழுத்தில் ஒரு தடித்த வரி தாடையிலிருந்து சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. முதல் சில நிமிடங்கள் எங்கே பார்ப்பது என்று தடுமாறினேன். அவன் வலை பின்னும் ஊசியை என் கையில் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்லி, நான் போட்டதை அவிழ்க்க முடியாமல் கத்தியை எடுத்தபோது, அதை மறந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் காபியும். ட்ரோல்ஸ் முதலில் உட்கார்ந்தான். அவனுக்கு வலது பக்கத்து நாற்காலி மைகனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தாள். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கு உன்னை வரையணும்," என்றாள்.

"எப்பவும் வரையிறதுதானே."

"அந்தப் பக்கத்துல இருந்து."

ட்ரோல்ஸ் மெல்லுவதை நிறுத்தினான். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவன் கையால் உட்காரச் சொன்னான்.

"மேஜையில, கார்ல, சோபாவுல, எப்பவும் நீ இந்தப் பக்கம்தான்," என்றான் மெதுவாக. "பள்ளிக்கூடத்துல பசங்க என்னென்னவோ சொன்னானுங்க. அதெல்லாம் மறந்து போச்சு. நீ சுத்திவந்து உட்கார்றது மட்டும் மறக்கல. என்னைப் பார்க்கப் பிடிக்காமத்தான் நீ அப்படிப் பண்றேன்னு நினைச்சேன்."

"பிடிக்காம இல்ல. நான்தானே தள்ளினேன்."

"தள்ளினது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா நாற்காலி மேல நான்தான் நின்னுட்டிருந்தேன்."

"எனக்கும் ஞாபகம் இல்ல," என்றான் ட்ரோல்ஸ். "ஆம்புலன்ஸ்ல ஒருத்தர் துணிக் கரடி குடுத்தாரு. அங்க இருந்துதான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல." கோப்பையை நகர்த்தி வைத்தான். "வா, இந்தப் பக்கம் உட்காரு. எனக்கு ஒரு மணிக்கு வேலை."

மைகன் எழுந்து நாற்காலி மாறினாள். முதல் நான்கு படங்களைக் கிழித்தாள். தழும்பின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளம் எல்லாம் குறித்துக்கொண்டு போயிருந்தாள். ட்ரோல்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, கடல் வரைபடம் மாதிரி இதை வைத்துக் கப்பலைக் கரை சேர்க்கலாம் போலிருக்கிறதே என்றான். அவள் சிரிக்கவில்லை. புதுப் பக்கம் திருப்பி, தன் வழக்கப்படி அவன் பூட்ஸிலிருந்து ஆரம்பித்தாள்.

அவனுடைய ஒரு மணி கடந்து போனது. அவன் வலைக்குத் திரும்பினான், அவள் பின்னாலேயே போய் வலதுபக்கமாகத் தரையில் உட்கார்ந்து வரைந்தாள். யாரோ கதவருகே அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பினான். மைகன் பென்சிலை நிறுத்திவிட்டு, "மறுபடி திரும்பு," என்றாள். திரும்பினான். "இப்போ இடது பக்கம்." திரும்பினான்.

அப்போது எனக்கும் தெரிந்தது. வலப்பக்கம் அவன் தலை தனியாகத் திரும்புகிறது. இடப்பக்கம் திரும்ப, வலது கழுத்துத் தோல் இழுத்துப் பிடிப்பதால், தோளையும் முதுகையும் சேர்த்தே திருப்ப வேண்டியிருக்கிறது. கழுத்து முன்னால் வந்து நிற்பதும் அதனால்தான். எதையோ கேட்கப் போகிறவன் மாதிரி இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் ரசித்த அந்த நிலை. இத்தனை வருடம் அதைத் துல்லியமாக வரைந்து வந்தவளுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கவில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டாள்.

"குளிர் காலத்துல இழுக்கும். எண்ணெய் போட்டா சரியாயிடும்."

அதைக்கூட அவள் அதுவரை கேட்டதில்லை என்று திரும்பும் ரயிலில் சொன்னாள்.

பள்ளியில் புதுத் தாளைச் சுவரில் ஒட்டியபோது எஸ்கில் வெகுநேரம் அதன் முன்னால் நின்றான். அழகாக இருக்கிறது, ஆனால் முடியாது என்றான். தழும்பின் ஒவ்வொரு கோட்டையும் ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டியிருக்கும், ஒரு இடத்தில் கோணினாலும் திரையில் கோடுகள் துள்ளி, முகம் கொதிப்பது போல் தெரியும். அவன் சொன்ன இன்னொரு காரணம் இன்னும் வலுவானது. படம் பார்க்கிறவர்கள் முட்டையை மறந்துவிடுவார்கள். இவனுக்கு என்ன ஆயிற்று, எப்போது சொல்லப் போகிறார்கள் என்றே காத்திருப்பார்கள்.

"முதல் நிமிஷம் காத்திருப்பாங்க," என்றாள் மைகன். "அப்புறம் மறந்துடுவாங்க. துறைமுகத்துல யாரும் அவன்கிட்ட அதைக் கேக்கிறதில்ல. வலை எப்போ தயாராகும்னுதான் கேக்கிறாங்க."

எஸ்கில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து நான் அந்தத் திரும்பலைப் புதுத் தாளின்படி அசைத்துக் காட்டினேன், வெறும் பென்சில் கோட்டில், மூன்று வினாடி. தோளும் முதுகும் சேர்ந்து திரும்புகின்றன. அறையில் இருந்தவர்கள் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். எஸ்கில் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டு வந்தான். சரி, ஆனால் தழும்பு இரண்டே கோடுகளிலும் ஒரு நிறத்திலும் அடங்க வேண்டும், படம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்வது மைகனின் பொறுப்பு என்றான்.

எந்த இரண்டு கோடு என்பதற்கே அவளுக்கு மூன்று வாரம் ஆனது. தாடையிலிருந்து இறங்கும் கழுத்து வரி ஒன்று. பாதிக் காதின் விளிம்பு மற்றது. கன்னத்துக்குக் கோடு இல்லை, கொஞ்சம் வெளிறிய நிறம் மட்டும். ஜனவரியிலிருந்து மே வரை நாங்கள் வரைந்து தள்ளியவற்றில் எல்லாம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சேர்த்தாள். விரல் வீங்கி, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, இடையில் ஒரு வாரம் இடது கையால்கூட முயன்றாள்.

ஜூனில் ஊர்த் திரையரங்கில் எல்லாக் குழுக்களின் படங்களையும் போட்டுக் காட்டினார்கள். தியூபொரோனிலிருந்து ட்ரோல்ஸும் அம்மா அனெலிசெயும் வந்திருந்தார்கள். அனெலிசெ மெலிந்த பெண்மணி, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் வலது பக்கம் முதல்முறை தெரிந்தபோது அரங்கம் ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு கடற்புறா அவன் தொப்பியைக் கொத்த, எல்லோரும் சிரித்தார்கள். முட்டை பொரியும் வரை அந்தச் சிரிப்பும் கவலையுமாகத்தான் போனது. மைகன் சொன்னதே நடந்தது.

வெளிக்கூடத்தில் ட்ரோல்ஸ் அக்காவிடம் வந்தான். "நல்லா இருந்துச்சு," என்றான். "ஆனா ரெண்டு இடத்துல எனக்குக் குணமாயிடுச்சு."

அவன் விரல் விட்டுச் சொன்னான்: கடற்புறா கதவில் வந்து நிற்கும்போது ஒன்று, படியில் இறங்கும்போது ஒன்று. அங்கே தழும்பு விட்டுப்போனது, எட்டுப் பேர் நூறு தடவை பார்த்தும் எங்கள் கண்ணில் படவில்லை. அவள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.

"விடு," என்றான். "ரெண்டு வினாடி நல்லாத்தான் இருந்தேன்."

அனெலிசெ கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "பாத்திரத்தோட கைப்பிடியை நான்தான் வெளிப்பக்கம் பார்த்து வெச்சிருந்தேன்," என்றார். முதலில் எதைச் சொல்கிறார் என்றே எங்களுக்குப் புரியவில்லை. "உள்பக்கமா திருப்பணும்னு நினைச்சேன். மணி அடிச்சுது, போயிட்டேன். ட்ரோல்ஸ் சொன்னான். உன் கை பட்டுதுன்னா நினைச்சிட்டிருந்தே, மைகன்? இத்தனை வருஷமா?"

மைகன் தலையசைத்தாள். அம்மாவின் வாய் கோணியது, ஆனால் அழவில்லை. "நான் சொல்லியிருக்கணும். யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன். யாரும் கேக்கல," என்றார்.

ட்ரோல்ஸ் குறுக்கிட்டான். "பழியில எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க. அடுப்புக்குப் பக்கத்துல போய் நான் ஏன் நின்னேன்னு யாராவது கேட்டீங்களா?"

அனெலிசெயிடமிருந்து வந்தது சிரிப்பா விம்மலா என்று சொல்ல முடியாது. மகனின் வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். அன்றிரவு எங்கள் வகுப்பு வைத்த விருந்துக்கு மைகன் வரவில்லை. அவர்களோடு காரில் ஏறி ஊருக்குப் போய்விட்டாள். பின் இருக்கையில் அம்மா, ஓட்டுவது ட்ரோல்ஸ், இங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம் என்பதால் அவனுக்கு வலப்பக்கம் அவள். திங்கட்கிழமை திரும்பி வந்து, விட்டுப்போன இரண்டு இடங்களையும் மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்தாள்.

அந்தப் படம் நாலைந்து விழாக்களுக்குப் போனது, ஒன்றிலும் பரிசு வாங்கவில்லை. மைகன் இப்போது ஆர்ஹுஸில் குழந்தைகள் தொடர் ஒன்றுக்கு, மண்ணில் வளை தோண்டி வாழும் சிறு பிராணியான வளைக்கரடிகளின் குடும்பம் ஒன்றை வடிவமைக்கிறாள். அவற்றுக்குப் புருவம் வேண்டும் என்று மேலிடம் கேட்பதாகவும், தான் மறுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். ட்ரோல்ஸ் வேலை மாறி ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டான், அங்கே ஒரு பெண்ணோடு வீடு எடுத்திருக்கிறான். மாதம் ஒரு ஞாயிறு மூன்று பேரும் அம்மா வீட்டில் கூடுகிறார்கள். அந்த நாளைப் பற்றி இப்போது பேசுவதுண்டா என்று கேட்டேன். அடிக்கடி இல்லை, ஆனால் பேச்சில் வந்தால் யாரும் எழுந்து போவதில்லை என்றாள். அனெலிசெ தன்னையும் வரையச் சொல்லியிருக்கிறாராம். இதுவரை முடியவில்லை. ஒரு நிமிடம் உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் காபி போட எழுந்துவிடுகிறார் என்று சொல்லி மைகன் காட்டிய புத்தகத்தில், பக்கம் பக்கமாக, நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் அவள் அம்மா.